சேற்றுப் பள்ளத்தில் கிழங்கு பூத்த காலம்

தேயிலைக்கு மழை வேண்டும். ஆனால் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் செடி மஞ்சளாகி, வேர் அழுகிச் செத்துவிடும். அதனால் மலையகத் தோட்டங்களில் இரண்டு மலை சந்திக்கிற பள்ளங்களை வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே நடாமல் விட்டுவிட்டார்கள். அக்கரபத்தனைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் பணிய லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே அப்படி ஒரு பள்ளம் கிடந்தது. கோரையும் நாணலும் மண்டி, கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கிற கறுப்புச் சேறு. மாடு இறங்கிவிட்டால் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கில் அது ஒன்றுக்கும் உதவாத நிலம்.

அந்த நிலம்தான் 1974இல் எங்கள் வீட்டில் சாவு விழாமல் காத்தது.

ஒன்றுக்கும் உதவாது என்று சொன்னவர்கள் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. காட்டை மொட்டையடித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. இத்தனை காலமும் பெய்த மழையில் மேல்மண் கரைந்து, கான் வழியே இறங்கி, கடைசியில் பள்ளத்தில் வந்து தங்கியது. எங்கள் பாட்டன்மார் தேயிலைக்குப் போட்ட உரமும் அதோடு வந்தது. மலையின் நல்ல மண் முழுவதும் யாரும் வேண்டாம் என்று விட்ட இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா இதை ஒரு பிடி சேற்றைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்வார்: "இது மலை மண்ணு. நம்மாளுக வெட்டுன மண்ணு. எறங்கி வந்திருச்சு, அவ்வளவுதான்."

அப்பா கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓட, சரிவுக்குக் குறுக்கே எத்தனை அடிக்கு ஒரு கான், எவ்வளவு சாய்வு என்று அவருக்குக் கண்ணளவே போதும். அந்தக் கையைத்தான் பள்ளத்திலும் காட்டினார். நடுவே ஒரு பெரிய கான். அதற்கு இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரிச் சாய்வாகச் சின்னக் கான்கள். வெட்டிய மண்ணை இரண்டு கானுக்கு நடுவில் ஏற்றி ஏற்றி இடுப்புயரத்துக்கு மேட்டுப்பாத்தி. உடனே எதையும் நட முடியாது. சேறு ஒரு வெயில் காலம் காய வேண்டும். காய்ந்தபின் பிளந்து, கொத்தி, அடுப்புச் சாம்பலைத் தூவி, மானாப்புல்லை வெட்டிப் போட்டு மூடுவார்கள். புளிப்பு மண் என்பது அம்மாவுக்கு மணத்திலேயே தெரியும். கவ்வாத்து மலைக்குத் தூவி மிஞ்சிய டொலமைட் சுண்ணாம்பு சாக்கின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சாக்கைப் பள்ளத்தில் உதறிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இதெல்லாம் அந்திக் கொழுந்து நிறுத்தபிறகு கிடைத்த வெளிச்சத்தில் நடந்த வேலை. மலையிலே முழுநாள் நின்று பேர் போட்டுவிட்டு, மட்டக்குச்சியையும் கூடையையும் இஸ்தோப்பில் வைத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணியோடு அம்மா பள்ளத்துக்கு இறங்கிவிடுவார். இருட்டியபின் கால் கழுவப் பீலிக்கரைக்கு வரும்போது விரலிடுக்கில் அட்டை தொங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா பிடிவாதமாக இருந்தார். பள்ளத்தின் தலைமாட்டில் ஊற்றுக்கண் இருந்தது. அதைச் சுற்றியிருந்த கோரையையும் மரத்தையும் தொட யாரையும் விடவில்லை. கீழ் லயங்களின் பீலித் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. பள்ளம் முழுவதையும் காயவைத்தால் கோடையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பது அவர் கணக்கு. சதுப்பு என்றால் வெட்டித் தீர்க்க வேண்டிய நிலம் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா சொன்னதே சரி.

பள்ளத்தில் எதற்கு உருளைக்கிழங்கு போட்டோம்? அதற்கும் காரணம் உண்டு. 1967இல் அரசாங்கம் உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கிழங்குக்கு நல்ல விலை வந்தது. நானுஓயா, கந்தப்பளை மரக்கறித் தோட்டக்காரர்கள் லொறி வாங்கினார்கள். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கைக்காசுக்குக் கிழங்கு கிண்டப் போவார்கள். கூலியோடு ஒதுக்கிப்போட்ட பொடிக்கிழங்கும் கிடைக்கும். அந்தப் பொடிக்கிழங்கே எங்கள் விதை. கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் பள்ளத்தில் வந்தன. ஆனால் பசியை அடக்குவது கிழங்குதான்.

1973, 74ஐ மலையகத்தில் பஞ்சக்காலம் என்றே சொல்வோம். கூப்பன் மாவும் அரிசியும் குறைந்தன. வெளியில் வாங்கக் கூலி போதவில்லை. தோட்டங்களில் வேலைநாளும் வெட்டப்பட்டது. கிராமத்தாருக்கு ஒரு துண்டு வயலாவது, பலாமரமாவது இருந்தது. லயத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்கு வாசற்படிக்கு வெளியே கால் வைக்கிற நிலமும் தோட்டத்துடையது. அதனால் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் சாவு கூடியது. எனக்கு அப்போது பதினொரு வயது. பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போனதும், மேட்டு லயத்தில் ஒரு வீட்டில் குழந்தையையும் பாட்டியையும் அடுத்தடுத்துப் புதைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் அவித்த கிழங்கும் உப்பும் மிளகாயும் இருந்தன. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம்.

கிழங்குச் செடி நட்டு ஆறேழு வாரத்தில் மொட்டு வைக்கும். ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். நடுவில் மஞ்சள் மூக்கு. பாத்தி பாத்தியாகப் பள்ளம் நிறைய அது பூத்துநிற்பதை லயத்து வாசலிலிருந்து பார்க்கலாம். மலை முழுவதும் ஒரே பச்சையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஆனால் அம்மாவுக்குப் பூக்காலம் பயக்காலம். மண்ணுக்குள் கிழங்கு பருக்கத் தொடங்குவதும் அப்போதுதான். தென்மேல் பருவமழை மலையேறி வருவதும் அப்போதுதான். மே கடைசியில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வானம் இறங்கிவிடும். நாள்கணக்கில் சூரியன் தெரியாது. மேட்டிலே காற்றடித்து இலை காயும். பள்ளத்தில் காற்றும் இல்லை. விடிகாலை மூட்டம் மத்தியானம்வரை அசையாது.

அந்த மூட்டத்தில்தான் கருகல் வரும். முதலில் இலையின் ஓரத்தில் வெந்நீர் பட்டது போல் ஒரு கறை. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளையாகப் பூஞ்சு. மறுநாள் கறை கறுக்கும். அடுத்த சில நாளில் பாத்தியே கருகிச் சாய்ந்துவிடும். அழுகிய இலையின் வாடை லயம்வரை ஏறிவரும். பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று அதற்குப் பெயர் என்பதையும், 1845இல் அயர்லாந்தில் இதே நோய் விழுந்து பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள் என்பதையும் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபின் படித்தேன். படித்தபோது எனக்கு அயர்லாந்து தூரதேசமாகத் தெரியவில்லை. அவர்களும் ஒரே கிழங்கை நம்பி இருந்தவர்கள், அவர்களுக்கும் நிலம் இன்னொருவனுடையது.

அம்மா படிக்காதவர். ஆனால் நோய் இலையிலிருந்து கிழங்குக்கு இறங்க மழை வேண்டும் என்பதைக் கண்டுவைத்திருந்தார். கருகிய இலையிலிருந்து மழைத்தண்ணீரோடு மண்ணுக்குள் போகும். போனால் கிழங்கு உள்ளேயே பழுப்பாகி அழுகும். அந்தப் பஞ்ச வருடம் பூ உச்சத்தில் நின்றபோது இரண்டு பாத்தியில் கறை கண்டது. அன்று சாயந்தரமே அம்மா அரிவாளோடு இறங்கினார். நோய் வந்த பாத்தியை மட்டுமல்ல, பக்கத்தில் பூத்துச் சிரித்துக்கொண்டிருந்த பாத்திகளையும் தரையோடு அறுத்தார். பக்கத்துக் காணிக்காரர், அப்பாவுக்கு அண்ணன் முறை, கான் கரையில் நின்று பதறிப்போனார்.

"ஏம்மா, பூத்த செடிய அறுக்கிறியே. கைப்புள்ளைய வெட்டுற மாரி இருக்கு."

"செடி போனா போவட்டும் மச்சான். கெழங்கு மண்ணுக்குள்ள இருக்குல்ல. அத காப்பாத்துவோம்."

அறுத்த தண்டையெல்லாம் அள்ளிப் பள்ளத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்தோம். ஈரத்தில் எரியவில்லை, புகைந்துகொண்டே கிடந்தது. பிறகு அம்மா கிழங்கைத் தோண்டவும் விடவில்லை. தோல் முற்ற இரண்டு வாரம் மண்ணிலேயே கிடக்கட்டும் என்றார். கிண்டியபோது கிழங்கு சின்னது, கோழிமுட்டையைவிடப் பெரிதில்லை. ஆனால் அழுகல் மிகக் குறைவு. அறுக்காமல் விட்டவர்களின் பாத்தியில் கையை விட்டால் சளிதான் வந்தது. முன்கூட்டியே தண்டை அறுத்துக் கிழங்கைக் காப்பதை விவசாய இலாகாக்காரர்களும் சொல்வார்கள் என்று பின்னால் தெரிந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே பள்ளத்தில் வேறொரு செடியும் பூத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நடந்ததை முழுதாகச் சொன்னதாகாது.

பள்ளத்தின் கடைக்கோடியில், பற்றைக்குப் பின்னால், மேட்டு லயத்துத் தாத்தா ஒருவர் இரண்டு மூன்று கஞ்சாச் செடி வைத்திருந்தார். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். இளமையில் மலையிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர். இரவில் வலி தாங்காமல் முனகுவது நாலு காம்பரா தள்ளிக் கேட்கும். தோட்டத்து மருந்துக்கூடத்தில் எல்லா வலிக்கும் ஒரே மாத்திரைதான். ஈழத்துச் சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கஞ்சாவுக்கு ஓர் இடம் உண்டு. பதிவுபெற்ற வைத்தியர்கள் அரசு வழியாகப் பெற்றுக் குளிகையில் சேர்ப்பதும் உண்டு. ஆனால் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். தாத்தாவுக்கும் அது தெரிந்தே இருந்தது.

அந்தச் செடி மலைநாட்டுக்குரியதும் அல்ல. இலங்கையில் அது பெருவாரியாக மறைத்து வளர்க்கப்படுவது மொனராகலை, தணமல்வில போன்ற வெயில் பூமியின் சேனைக் காடுகளில். எங்கள் பள்ளத்தில் அது பூவைக்கும் நேரத்தில் மூட்டம் கொத்துக்குள் நுழைந்து, வெளியே பச்சையாகத் தெரிகிறபோதே உள்ளே சாம்பல் பூஞ்சு பிடித்துவிடும். கிழங்குக்கும் கஞ்சாவுக்கும் ஒரே எதிரி. தாத்தா வெறும் கையோடு திரும்பி வந்து, "இந்தப் பனி ஒண்ணையும் வாழ விடாதுடி" என்று அம்மாவிடம் சொன்னது காதில் நிற்கிறது.

ஒருநாள் விடிகாலையில் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மூன்று செடியைப் பிடுங்க ஒரு ஜீப் நிறைய வந்தார்கள். பற்றைக்குப் போக ஓரமாகப் பாதை இருந்தது. அவர்கள் பாத்திகளின் மேலேயே நடந்தார்கள். வேறு எங்காவது மறைத்திருக்கிறதா என்று பூத்துநின்ற கிழங்குச் செடிகளைக் காலால் விலக்கிப் பார்த்தார்கள், போஞ்சிக் கம்புகளைப் பிடுங்கிப் போட்டார்கள். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீதிமன்றத்தில் அபராதம் கட்டி வெளியே வந்தார். அபராதத்துக்கு லயமே காசு சேர்த்தது. அதோடு முடிந்திருந்தால் சரி. மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், இனிப் பள்ளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, கானை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தாத்தா செய்தது சட்டப்படி குற்றம். அதில் எனக்கு வாதமில்லை. இளம் பிள்ளைகள் கையில் அது போவதை ஆசிரியையாக நான் என்றும் விரும்பியதுமில்லை. ஆனால் மூன்று செடிக்காக முப்பது குடும்பத்தின் சாப்பாட்டை மிதித்ததை அன்றும் அநியாயம் என்றேன், இன்றும் அநியாயம் என்கிறேன். அப்படி மிதிக்க முடிந்ததற்குக் காரணம் கஞ்சா அல்ல. அந்தப் பாத்திகளுக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

காகிதம் எப்படி இருக்கும்? 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தில் எங்கள் ஆட்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு எங்களை இரண்டு நாட்டுக்குமாகப் பங்கு பிரித்தார்கள். அம்மா செடியை அறுத்தபோது பதறிய அந்தப் பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. போகும் முன்னால் தன் பாத்திகளை எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்தார். எழுத்தில்லை, விலையில்லை; கான் கரையில் நின்று, "பாத்துக்க தம்பி" என்றார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்பட்டபோது எழுந்த ஓலத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான் கிள்ளினார்கள். அவர் எழுதிய முதல் கடிதத்தில் தன் பாத்தியில் இந்த முறை என்ன போட்டிருக்கிறோம் என்று கேட்டிருந்தார்.

1972இலும் 75இலும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் உழைத்தவனுக்கு வரும் என்று சிலர் நம்பினார்கள். வரவில்லை. 1977 மே 11ஆம் தேதி, தோட்டக்காணி 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பிரித்துக்கொடுக்கப் போவதை எதிர்த்து எழுந்த கூட்டத்தின்மேல் பொலிஸ் சுட்டதில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் செத்தார். எங்கள் தோட்டத்திலும் யாரும் வேலைக்குப் போகவில்லை. அன்று பகல் முழுவதும் அப்பா பள்ளத்தில் மம்மட்டியோடு நின்றார். மூடச் சொன்ன கான்களை அதற்கு முன்னமே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டிருந்தார்கள். மழை வந்தால் தண்ணீர் எப்படியும் தன் வழியைத் தேடும், அதைத் தோட்டத்து உத்தரவு தடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளத்தில் இன்று என் தம்பி பயிர் செய்கிறான். 1996இல் இறக்குமதி திறந்தபின் கிழங்கு விலை ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. அவன் கிரானோலா கொஞ்சமும், லீக்ஸ் கூடுதலாகவும் போடுகிறான். கருகலுக்கு மருந்து அடிக்கிறான். மழைக்காலத்தில் வாரம் தவறாமல் அடிக்கிறார்கள் இந்தப் பக்கம். அது எனக்குச் சம்மதமில்லை. பள்ளத்துக் கான் ஆக்ரா ஓயாவில் விழுகிறது; ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவில்; அங்கிருந்து மகாவலி. நாம் அடிப்பதை நாடே குடிக்கிறது. அதே நேரம், 2021இல் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர, மருந்து இறக்குமதியை நிறுத்திய அரசாங்கத்தின் செயலையும் நான் மன்னிக்கவில்லை. மே மாதம், மூட்டம் இறங்கும் நேரம் பார்த்து நிறுத்தினார்கள். தலவாக்கலைக் கடைகளில் இருந்தது மூன்று மடங்கு விலைக்குப் போனது, பிறகு அதுவும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது அந்தப் போகம் முடிந்திருந்தது. அம்மா செய்ததைத் தம்பியிடம் சொன்னேன். பூ நிற்கும்போதே அறுத்தான். வீட்டுக்குச் சாப்பிடக் கிழங்கு கிடைத்தது, விற்க இல்லை.

அடுத்த வருடம் இன்னொரு செய்தி வந்தது. ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மேட்டு லயத்துத் தாத்தா அதற்குப் பல வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். டொலர் கொண்டுவருகிறவனுக்கு என்றால் சட்டமும் நிலமும் வளைந்துகொடுக்கும் என்பதை நான் அந்தச் செய்தியிலிருந்து விளங்கிக்கொண்டேன். அப்படியானால் ஐம்பது வருடமாக ஒரு சேற்றுப் பள்ளத்தை நிலமாக்கிக் காட்டியவர்களுக்கு அது ஏன் வளையக் கூடாது?

மலையக மக்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் தந்துவந்தார்கள். தருவது நல்லது, லயத்துக் காம்பராவிலிருந்து வெளியேற வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் 7 பேர்ச்சஸ் என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. வீடும் வாசலும் கக்கூசும் போக அதில் கொத்தமல்லி போடத்தான் இடம் மிஞ்சும். அடுத்த பஞ்சம் வந்தால் அது சோறு போடாது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனாலும் நிலத்தின் சொந்தக்காரர் இன்றும் அரசாங்கம்தான். ஆகவே இது முடியாத காரியம் அல்ல. தேயிலை நட முடியாத இந்தப் பள்ளங்களை அளக்கட்டும். ஊற்றுக்கண்ணைப் பொதுவில் காத்து, மற்றதை இத்தனை காலம் கான் வெட்டிப் பயிர் செய்த குடும்பங்களின் பெயரில், பெண்களின் பெயரையும் சேர்த்து, உறுதியாக எழுதிக்கொடுக்கட்டும். தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளே, அதிகாரிகள் அளக்க வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பாத்தியை யார் எந்த வருடம் வெட்டினார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள்.